ஓரகத்தி வார்த்த கல்

மூடிப்போன காகித ஆலை ஊருக்கு விட்டுப்போன சொத்து ஒரு சாம்பல் மேடுதான். அதைச் செங்கல்லாக்கலாம் என்று முதன்முதலில் சொன்னவள் மூத்த மருமகளான பெரியவள். பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு வருஷமாக அந்தச் சாம்பலோடு மல்லுக்கட்டுகிறாள். கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த சின்னவளோ அதே துறையில் சேர்ந்து, இரண்டே வருஷத்தில் தானும் ஒரு கல்லோடு வந்து நின்றாள். வீட்டில் ஓரகத்தி, ஆய்வகத்தில் போட்டி. இப்படி ஒரு முடிச்சு விரோதிக்கும் வேண்டாம்.

"நம்ம சின்னவ கல்லு டிவியில வந்துச்சு, பாத்தீங்களா?" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

இரண்டு கல்லுமே வீடு கட்டத் தேறும். கூடுதல் பலமுள்ளதை வைத்து ஊரில் தொழிற்சாலை, ஆலை மூடியதில் வேலை இழந்த முந்நூறு பேருக்கு வேலை என்று முடிவாகியிருந்தது. ஆனால், கல்லை அழுத்தி உடைத்துப் பலம் பார்க்கும் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவள் பெரியவள் ஒருத்திதான். அதனால் தேர்வுக் குழு வெளியாட்களை வைத்து இரண்டு செய்முறையிலும் கல் வார்த்து, பெயர் போடாமல் எண் மட்டும் எழுதி அனுப்பியது. எந்த எண் யாருடையது என்பது ஒட்டிய உறைக்குள்.

உறையாவது ஒன்றாவது! பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா? அவள் கல் வெளுப்பு, சின்னவளுடையது கறுப்பு. வெளுத்த கல் ஐந்தையும் ஒழுங்காக வைத்து உடைத்தாள். கறுத்த கல் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பொடிக்கல்லை வைத்தாள். பாரம் பரவாமல் ஓரிடத்தில் குத்தினால் எந்தக் கல்லும் சீக்கிரம் பிளக்கும். ஐந்தும் பிளந்தன. வந்த கணக்கை எண் வாரியாக எழுதிக் குழுவுக்கு அனுப்பினாள்.

மறுவாரம் குழுத் தலைவர் உறையைப் பிரித்தார். கறுத்த கல் பெரியவளுடையது.

வெளியாட்கள் மேட்டின் அடியில் தோண்டிச் சாம்பல் எடுத்திருந்தார்கள். அதில் இரண்டு கல்லின் நிறமும் தலைகீழாகிப் போனது. பன்னிரண்டு வருஷம் சாம்பலைத் தின்றவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். பொறாமை பிடித்த கண்ணுக்கு நிறம் மட்டும்தான் தெரிந்தது.

சின்னவள் சட்டென்று எழுந்தாள். "இருக்கவே முடியாது சார். அக்கா கல்லு என்னோடதைவிட பலம். நானே அதை வார்த்து, சுத்தியலால அடிச்சுப் பாத்து அசந்து போயிருக்கேன். மிச்சக் கல்லு இருக்குல்ல? எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை உடைச்சுப் பாருங்க."

தலைவர் பெரியவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. பாத்துடலாமா?"

பார்த்தால் ஜெயிப்பாள். பன்னிரண்டு வருஷ உழைப்பு தொழிற்சாலையாக எழும்பும். ஆனால், அன்று ஐந்தும் எப்படிப் பிளந்தன என்று அடுத்த கேள்வி வரும். இயந்திரத்தைத் தொட்டது அவள் கை ஒன்றுதான்.

சின்னவள் அவளுக்காகக் கண் கலங்கி நின்றாள். ஜெயித்த பெயரோடு நல்லவள் என்ற பெயரும் இவளுக்கே போகிறதே என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேண்டாம் சார்," என்றாள். "மெஷின் சரியாத்தான் இருக்கு. என் கல்லு அவ்வளவுதான்."