இரண்டாவது அடி

வலது கை மோதிர விரலின் நுனி இல்லாமல் மேகலா வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆம்பூரை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியில் ஏழாம் நம்பர் பிரஸ் நாலு வருஷமாக அவளுடையது. தோலை விரித்து, மேலே இரும்பு அச்சை வைத்து, பட்டனை அழுத்தினால் பிரஸ்ஸின் தலை இறங்கி ஒரே அடி; அச்சின் வடிவில் துண்டு வெட்டுப்படும். அச்சை எடுத்து அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் அச்சை எடுக்கக் கை நீட்டியபோது, யாரும் அழுத்தாமலே அது இன்னொரு தரம் இறங்கியது.

அப்படி இறங்கவைத்த வால்வுக்குப் பதில் புதுசு வர ஆறு வாரம் ஆனது. மெக்கானிக் வக்கார் அகமது அதை மாற்றியதும் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டார்கள். சூப்பர்வைசர் ஜெபராஜ் மெஷின்மேல் கைவைத்து ஜெபம் பண்ணினார். பக்கத்து மெஷின் அஃப்ஷா ஓதின தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள்.

மேகலாவின் கைக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. முன்பும் இரண்டு தடவை அப்படி இறங்கியதுண்டு. 'சரிபண்ணியாச்சு' என்றுதான் அப்போதும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் இறங்கினால் கையை எப்போது எடுப்பது என்று தெரிந்திருக்கும். இது ஆயிரத்தில் ஒரு தரம். எந்த ஒரு தரம் என்பதுதான் தெரியாது. அதனால் ஒரு மரச்சட்டத்தைக் கொண்டுவந்து அச்சைத் தள்ளினாள். தோலில் உண்ணி கடித்த தழும்பை ஒதுக்கி அச்சு வைக்க விரல் வேண்டும். சட்டம் தழும்பின்மேலேயே கொண்டுபோய் வைத்தது. நாலாம் நாள் ஜெபராஜ் அவளைப் பசை மேஜைக்கு அனுப்பிவிட்டு அஃப்ஷாவை ஏழில் நிறுத்தினார்.

விபத்தன்று அஃப்ஷா பக்கத்து மெஷினில்தான் நின்றிருந்தாள். அவள் துப்பட்டாவிலும் ரத்தம் தெறித்தது. முதல் இரண்டு நாள் அவளும் அச்சைத் தொட்டுத் தொட்டுக் கையை இழுத்தாள். மூன்றாம் நாள் அது குறைந்தது. ஒரு வாரத்தில், சீரக சம்பா எந்தக் கடையில் நல்லாயிருக்கும் என்று பின்னால் திரும்பிக் கேட்டுக்கொண்டே கையை உள்ளே விட்டாள்.

மேகலா பசை மேஜையிலிருந்து பார்த்தாள். மெஷின் போனதுகூட அவ்வளவு எரியவில்லை. பத்து விரலும் முழுசாக வைத்திருக்கிறவள் பயத்தையும் தொலைத்துவிட்டாளே என்றுதான் எரிந்தது. இன்னொரு தரம் இறங்கட்டும் என்று நினைத்தாள். விரல் போக வேண்டாம், நகம் போனால் போதும் என்று அளவு வைத்தே நினைத்தாள்.

இறங்கவில்லை.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது ஜெபராஜ் வந்து சொன்னார்: "திங்கக்கிழமையிலேர்ந்து ஏழாம் நம்பர அஃப்ஷா பேர்லயே போட்டுர்றேன். நீ பசையிலயே இருந்துக்கோம்மா. உனக்கும் பேஜார் இல்ல."

அவர் போனதும் மேகலா டிபன் பாக்ஸை மூடினாள். "சந்தோஷமாடி?"

"நானாக்கா கேட்டேன்? நீ குச்சிய வெச்சிக்கினு கேரம் ஆடுனா அவரு இன்னா பண்ணுவாரு?"

"உன் விரல் போயிருந்தா தெரியும்."

"எனக்கும்தான் ரெண்டு நாள் கையே போவல. வெச்சேன், ஒண்ணும் ஆவல. திரும்ப வெச்சேன், ஒண்ணும் ஆவல. நீ எங்க வெச்ச? மெஷின் சரியாய்ட்டது உன் குச்சிக்குத்தான் தெரியும். உன் கைக்கு யாரு சொல்றது?"

அவள் சொன்னது சரி என்று மேகலாவுக்கே தெரிந்தது. அது இன்னும் எரிந்தது. பெல் அடித்ததும் அஃப்ஷாவுக்கு முன்னால் போய் ஏழில் நின்றாள்.

"அக்கா, சார் திட்டுவாரு."

"தள்ளுடி. நாலு வருஷமா என் மெஷின்."

தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. அங்கே மறுபடி அஃப்ஷாவின் கை பயமில்லாமல் உள்ளே போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அழுத்தினாள். தலை இறங்கி ஏறியது. வெறும் கையை உள்ளே விட்டாள். தோள் காதுவரை ஏறியது. இரண்டாவது அடி வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. பத்தாவதில் வியர்வை சொட்டியது.

"தோல் நனையுதுக்கா."

"வாய மூடு."

சத்தம் கேட்டு ஜெபராஜ் வந்தார். வெட்டிய துண்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துத் தழும்பு தேடினார். இல்லை. "சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்," என்றவர், அஃப்ஷாவைப் பசைக்குப் போகச் சொன்னார். அவள் முகம் சுருங்கியது. மேகலாவுக்கு அது இனித்தது.

நாலு மணி வாக்கில் ஒரு அடிக்குத் தோள் ஏற மறந்துவிட்டது. அடுத்த அடியில்தான் அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததும் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். அஃப்ஷா பார்க்கிறாளா என்று பசை மேஜைப் பக்கம் திரும்பினாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மேகலா கையை மறுபடி உள்ளே விட்டாள்.