எரியாத லைட்

சிப்பிக்கு வாயைத் திறந்தால் தண்ணீரைக் குடிப்பதும் துப்புவதும்தான் வேலை. எங்கள் அத்தானுக்கு வாயைத் திறந்தால் பெருமை பேசத்தான் வேலை. அதனால்தான் அவர் முதலாளி, நான் தொட்டி கழுவுகிறவள்.

அத்தான் என்றால் என் அக்கா புருஷன். கடல் சிப்பியை வாங்கிச் சுத்தம் செய்து ஓட்டல்களுக்கு அனுப்புவது அவர் தொழில். சுத்தம் என்றால் ஓட்டைத் தேய்ப்பது இல்லை. கடல் தண்ணீரை ஓர் இரும்புக் குழாய்க்குள் விடுவோம். உள்ளே புற ஊதா விளக்கு இருக்கும். அதைத் தாண்டி வரும்போது தண்ணீரிலுள்ள காமாலை வைரஸெல்லாம் செத்துவிடும். அந்தத் தண்ணீரைச் சிப்பி குடித்துக் குடித்துத் தன் வயிற்று அழுக்கை வெளியே தள்ளும். தள்ளியது மறுபடி விளக்குக்கே வரும். இப்படியே மூன்று நாள். வைரஸ் லேசில் கிளம்பாது, விருந்துக்கு வந்த சொந்தக்காரன் மாதிரி.

இதில் அத்தானுக்கு ஒரு பெரிய மனக்குறை.

"புதுத் தொட்டித் திறப்பு விழாவுக்கு நாப்பது பேர் வர்றாங்க. வந்து எதைப் பாப்பாங்க? குழாயையா? சும்மா ஜொலிக்க வேணாமா?"

"அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அத்தான். வெளியே விட்டா கண்ணு போயிடும்."

"நீ ஒருத்தி! எதுக்கெடுத்தாலும் ஒரு முட்டுக்கட்டை."

மறுநாள் மேடை அலங்காரம் செய்கிற எலக்ட்ரீஷியன் வந்து, தொட்டிகளுக்கு மேலே வரிசையாக நீல பல்புகளைத் தொங்கவிட்டார். கல்யாண மண்டபம் கெட்டது போங்கள். சிப்பிகள் என்ன நினைத்தனவோ, ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டன. என்னை அழைப்பிதழ் கொடுக்க வெளியூருக்குத் துரத்திவிட்டார் அத்தான்.

விழா அன்று காலைதான் திரும்பினேன். வந்ததும் வராததுமாகக் குழாயில், விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று காட்டும் மீட்டரைப் பார்த்தேன். மூன்று நாளில் எழுபத்திரண்டு மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். ஆறுதான் ஓடியிருந்தது. எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்தேன்.

எலக்ட்ரீஷியன் நிதானமாகச் சொன்னார். "ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருந்துச்சும்மா, நீல பல்புக்கு வேணும்ல. எரியாத லைட்டைத்தானே கழட்டினேன்?"

அவரைத் திட்டி என்ன பயன்? அத்தானிடம் ஓடினேன்.

"சிப்பியில இருக்கறது அப்படியே இருக்கு. இன்னும் மூணு நாள் ஓட்டணும். விழாவைத் தள்ளி வைங்க."

"ஆளுங்க உள்ள வந்தாச்சு! ஆறு மணி நேரம் ஓடியிருக்குல்ல? அது போதும்."

"முதல் சிப்பி அக்கா சாப்பிடப் போறா. ஞாபகம் இருக்கா?"

அவர் முகம் ஒரு கணம் மாறியது. ஆறு மாதத்துக்கு முன் அக்கா காமாலையில் கிடந்து பிழைத்தவள். இன்னொரு தடவை வந்தால் கல்லீரல் தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பிழைத்த மனைவியே மேடையில் சிப்பியை வேகவைக்காமல் பச்சையாகச் சாப்பிட்டால் ஊரே நம்பும் என்பது அத்தானின் மகா யோசனை.

"ஒண்ணும் ஆகாது. வாயை மூடிக்கிட்டு இரு," என்றார்.

அக்காவிடம் போனேன். அவள் புதுப்புடவையில் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மீட்டர் கதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அடி போடி. எனக்குக் கெடுதல்னா உங்க அத்தான் விடுவாரா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது.

தொட்டிக்குப் பொறுப்பான என் கையெழுத்தோ சுகாதார ஆய்வாளர் கையெழுத்தோ இல்லாமல் ஒரு கூடைகூட வெளியே போகாது என்பது சட்டம். நான் போட மாட்டேன் என்றேன். விழாவுக்கு வந்திருந்த ஆய்வாளர் தொட்டிக்கு மேலே ஜொலித்த நீல பல்புகளை அண்ணாந்து பார்த்தார். "அடேயப்பா! இதுக்கு மேல என்ன சுத்தம் வேணும்? நானே போடறேன்," என்று போட்டுவிட்டார். மீட்டர் பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை.

மேடையில் அத்தான் முதல் தட்டை மரியாதையாக ஆய்வாளரிடம் நீட்டினார்.

"ஐயோ, எனக்குச் சிப்பி ஒத்துக்காது சார். அம்மாவே ஆரம்பிக்கட்டும்!"

ஆரவாரம் செய்தார்கள். நாற்பது பேர் கையிலும் தட்டு. அக்கா எலுமிச்சை பிழிந்து, சிப்பியை உதட்டருகே கொண்டுபோனாள். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

நான் போய்ச் சேருவதற்குள் அத்தானின் கை பாய்ந்தது. சிப்பி அக்கா கையிலிருந்து பறந்து, ஆய்வாளரின் வெள்ளைச் சட்டையில் அடித்துக் கீழே விழுந்தது. அத்தானுக்கு வியர்த்து ஊற்றியது. ஆரவாரம் பாதியில் நின்றது.

அக்கா தன் காலியான கையைப் பார்த்தாள். அப்புறம் கீழே தட்டேந்தி நின்ற நாற்பது பேரையும் பார்த்தாள். அத்தான் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"அப்போ இவங்க எல்லாம் சாப்பிடலாமா?"