பட்டிப்பொங்கலுக்குப் பிந்திய ஆறு நாட்கள்

கால்நடை மருத்துவர்கள் மாநாட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு, மைசூர் ஓட்டலின் வரவேற்பறையில் வைத்து, என் வழிகாட்டிப் பேராசிரியர் டாக்டர் சதானந்த ராவ் அந்த ஆறு நாள் குறிப்புகளை என் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். எடுத்துவிடு என்று சொல்லவில்லை. எடுத்துவிட்டு, கோப்பை மாநாட்டுக்காரர்களுக்கு அனுப்பியும் விட்டேன் என்றார். கையில் காப்பி இருந்தது. எனக்கும் ஒன்று சொல்லட்டுமா என்று கேட்டார்.

என் ஆராய்ச்சி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கன்று செத்த மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மடி கனத்துத் தொங்கும், கறக்க உட்கார்ந்தால் சொட்டுக்கூட இறங்காது. ஊசி போட்டு இறக்குகிறவர்கள் உண்டு. அது மாட்டுக்குக் கெடுதல், சட்டப்படியும் தப்பு. கொள்ளேகாலத்தை அடுத்த கௌதள்ளிப் பக்கத்துப் பெண்கள் வேறொன்று செய்கிறார்கள். கன்று பிறந்து விழுந்ததும் அதைத் துடைக்கிற சாக்கை அவர்கள் தூக்கி எறிவதில்லை. கட்டுத்தறிப் பக்கத்திலேயே மடித்துச் செருகி வைத்திருப்பார்கள். கன்று செத்துப்போனால், கறக்கும்போது அந்தச் சாக்கை மாட்டின் மூஞ்சிக்கு எதிரே தொங்கவிடுவார்கள். மாடு மோந்து பார்க்கும், நக்கும், பிறகு பால் விடும். இதைப் பதினாலு மாதம், இருபத்துமூன்று மாடுகளில், காலையும் மாலையும் நேரம் குறித்து எழுதினேன். காம்பைத் தொட்டதிலிருந்து பால் இறங்க எத்தனை விநாடி, எத்தனை லிட்டர், சாக்குப் பக்கம் எத்தனை முறை தலை திருப்பியது. கௌதள்ளியில் ஒரு அறை எடுத்துத் தங்கித்தான் இதைச் செய்தேன். நோட்டுகள் ஏழு.

ராவ் சாருக்கு இதில் ஒரு பழைய கொள்கை உண்டு. மாட்டுக்குப் பழகின கையும் பழகின குரலும் இருந்தால் போதும், பால் விடும். சாக்கெல்லாம் சும்மா கூட இருப்பது. இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறார். பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கையேடும் அவர் எழுதியதுதான். எட்டு மாதம் வரைக்கும் என் குறிப்புகளும் அவர் பக்கமே இருந்தன. சாக்கும் இருந்தது, பழகின கையும் இருந்தது. எது வேலை செய்கிறது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை.

பட்டிப்பொங்கல்தான், அதாவது மாட்டுப்பொங்கல்தான், பிரித்துக் கொடுத்தது. ஜனவரி பதினாறாம் தேதி. பொங்கலுக்குக் கொள்ளேகாலத்தில் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டுத்தறியைக் கழுவுவார்கள், மாட்டைக் குளிப்பாட்டுவார்கள், கயிறு மாற்றுவார்கள் என்பது நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது. எங்கள் வீட்டிலேயே அன்றைக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றியது நான்தான். ஆனாலும் சாக்கைக் கழுவாதீர்கள் என்று கௌதள்ளியில் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. தோன்றவே இல்லை. அப்போது கன்று செத்துக் கறவையில் இருந்த மாடுகள் ஏழு. ஆறு வீட்டில் சாக்கைச் சலவை சோடாவில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, பொங்கல் வைத்துவிட்டார்கள். சுத்தம் செய்கிற நாளில் சுத்தம் செய்தார்கள், அவ்வளவுதான்.

பதினேழாம் தேதி காலைக் கறவைக்கு ஆறு மாடும் பால் விடவில்லை. அதே பெண்கள், அதே கை, அதே 'பா பா' என்கிற குரல். அதே சாக்கும்தான், துவைத்தது. தொண்ணூறு விநாடியில் இறங்கினது ஆறு நிமிஷம் ஆகியும் இறங்கவில்லை. மூன்று லிட்டர் கறந்த இடத்தில் முக்கால் லிட்டர். அன்று மதியம் நான் திரும்பி வந்தேன். இருபத்திரண்டாம் தேதி வரைக்கும் அப்படியே. ஏழாம் நாள் இரண்டு மாடு மட்டும் கொஞ்சம் பால் விட்டது. நான்கு மாடு வற்றியே போயின.

ஏழாவது மாடு நாச்சம்மாளுடையது. அவர் புருஷன் ஐப்பசியில் இறந்துபோயிருந்தார். எழவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நோம்பி, பண்டிகை எதுவும் கிடையாது. பொங்கல் இல்லை, கழுவல் இல்லை. சாக்கு அழுக்காகவே இருந்தது. அந்த மாடு ஆறு நாளும் எண்பத்தைந்து, தொண்ணூறு விநாடியில் பால் விட்டது.

இந்த ஆறு நாட்களைத்தான் ராவ் சார் எடுத்துவிட்டிருந்தார். காரணமும் சொன்னார். செய்முறை உடைந்த நாட்களைச் சேர்க்கக்கூடாது, அது பாலபாடம். ஒரு மாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. முதல் நாள் காலை நான் ஊரிலேயே இல்லை, மாட்டுக்காரப் பெண்கள் போனைப் பார்த்துக் குறித்தது. இவை மூன்றும் உண்மைதான், அதனால் மறுக்கவில்லை. மூன்றையும் திரையில் எழுதியே காட்டுகிறேன் என்றேன்.

காப்பியை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ரூபா, உன் நல்லதுக்குத்தான் எடுத்தேன். நாலு மாடு வற்றினது யாரால்? அதை இருநூறு டாக்டர்களுக்கு முன்னால் நீயே சொல்லப் போகிறாயா?" என்றார்.

சொல்லத்தான் வேண்டும் என்றேன். அப்படியென்றால் ஆய்வேட்டில் என் கையெழுத்தை எதிர்பார்க்காதே என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் போனார். மார்ச்சில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் அதை அலுவலகத்தில் வாங்கக்கூட மாட்டார்கள்.

நாச்சம்மாளும் மைசூருக்கு வந்திருந்தார். மறுநாள் காலை அமர்வுக்கு விவசாயிகளையும் அழைத்திருந்தார்கள். அவர் அக்கா மகள் கனகா இங்கே கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள். அவள் வீட்டில் தங்கியிருந்தார். நான் அங்கே போனபோது தேவராஜா மார்க்கெட்டில் வாங்கி வந்த வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஏனுங் டாக்டரம்மா, என்ற மாட்டையுமா எடுத்துப்போட்டாரு?"

"ஆமாங்க்கா. அந்த ஆறு நாளும் இல்லை."

"ஊரே வந்து நின்னு பாத்துச்சு, எங்க மாடு மட்டும் பால் விட்டத. அந்தச் சாரு வந்து பாத்தாருங்களா?"

"இல்லை."

"பாக்காதவருக்கு எடுக்க மட்டும் கை வந்துருச்சாக்கும்." வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். "அது கெடக்கட்டும். நீங்க சொல்ல மறந்துட்டீங்கல்ல, சாக்கத் தொவைக்காதீங்கன்னு. அதையும் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேங்க்கா."

"சொல்லிருங். இல்லாட்டி நா எந்திரிச்சுச் சொல்லிப்போடுவேன். லிங்கம்மா மாடு வத்திப்போயி அவ பொண்ணு பேசாம இருக்கறா உங்ககிட்ட, இன்னிக்கி வரைக்கும்."

அது உண்மை. லிங்கம்மாவின் மகள் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மறுநாள் பதினொன்று நாற்பதுக்கு என் முறை. பத்து நிமிஷம் பேச்சு, ஐந்து நிமிஷம் கேள்வி, எட்டாவது நிமிஷத்தில் ஒரு மணி. அதற்கு முன்னால் ஒரு சின்னத் தகராறு. விவசாயிகளுக்குக் கடைசி மூன்று வரிசை என்று சொல்லி, வந்தவர்களுக்கெல்லாம் ஒரு தீவனக் கம்பெனித் தொப்பி கொடுத்து உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். நாச்சம்மாள் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். பின்னால் போங்கள் என்று கன்னடத்தில் சொன்ன இளைஞனிடம், என் மாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள், வேண்டுமானால் நீ பின்னால் போய் உட்கார் என்று அதைவிட நல்ல கன்னடத்தில் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் விட்டுவிட்டான்.

ராவ் சார் முதல் வரிசை. நான் மேடைக்குப் போய்ப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். இருபத்துமூன்று மாடுகள், பதினாலு மாதம், விநாடி, லிட்டர். எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒன்பதாவது படத்தில், கொட்டை எழுத்தில், 'பழகின கையும் குரலுமே காரணம்' என்று முடிவு எழுதியிருந்தது. என் கோப்பில் இல்லாத வரி அது. கோப்பை அனுப்பும் முன் ராவ் சார் சேர்த்திருக்கிறார்.

கணினி பார்த்துக்கொண்ட கணேஷ்குமாரிடம் திரையை அணைத்துவிடச் சொன்னேன். அவர் புரியாமல் பார்த்தார். இரண்டாம் முறை மைக்கிலேயே சொன்னேன். அணைத்தார். ஐந்தாவது நோட்டைப் பிரித்தேன்.

"இந்த முடிவு என்னுடையது இல்லை," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "ஜனவரி பதினேழு முதல் இருபத்திரண்டு வரை உள்ள குறிப்புகள் இந்தக் கோப்பில் இல்லை. அதை இப்போது படிக்கிறேன்."

படித்தேன். மாடு வாரியாக, காலை, மாலை. ஆறு மாட்டுக்கு எழுபத்திரண்டு கறவை. ஒரு மாடு முடிந்ததும் அடுத்தது. அவசரப்படவில்லை, சத்தம் போடவும் இல்லை. தபால் எழுதிப் போடுகிறவள் முகவரியைத் திரும்ப வாசிப்பது போல வாசித்தேன். பிறகு நாச்சம்மாளின் மாடு, பன்னிரண்டு கறவை. அந்த வீட்டில் ஏன் கழுவவில்லை என்பதைச் சொன்னேன். ஒரே மாடுதான், இது போதாது என்றும் சொன்னேன். முதல் நாள் காலை நான் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். நடுவில் மணி அடித்தது. நிறுத்தவில்லை.

"சாக்கைத் துவைக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால் நான்கு குடும்பத்தில் மாடு வற்றியது. தவறு என்னுடையது. மாடுகள் செய்தது தவறு இல்லை, அதனால் அதை அழிக்க எனக்கு உரிமை கிடையாது."

அமைதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. ராவ் சார் எழுந்து, மைக்குக்குக் காத்திராமல், இந்தப் பகுதிக்கு வழிகாட்டியின் ஒப்புதல் இல்லை, இதை மாநாட்டுக் குறிப்பில் ஏற்றக்கூடாது என்றார்.

"ஆமாம் சார், ஒப்புதல் இல்லை," என்றேன். "அது தெரிந்துதான் படித்தேன். இல்லை என்பதையும் சேர்த்தே ஏற்றட்டும்."

அமர்வுத் தலைவி வெளியூர்க்காரர், வயதானவர். அதுவரை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து ஒரே கேள்வி கேட்டார். அந்த ஆறு நாளும் கறந்த ஆள் மாறவே இல்லையா? ஒரு வீட்டிலும் இல்லை என்றேன். பழகின கையும் இருந்தது, குரலும் இருந்தது, பால் இல்லை, அப்படித்தானே என்றார். அப்படித்தான் என்றேன். திரும்ப எழுதிக்கொண்டார். வற்றாத இரண்டு மாடும் பிறகு ஏன் பால் விட்டன என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டதற்கு, தெரியாது என்று பதில் சொன்னேன். நேரம் முடிந்தது. யாரும் பெரிதாகக் கைதட்டவில்லை. சிறந்த கட்டுரைப் பரிசு கோழித் தீவனம் பற்றிப் பேசியவருக்குப் போனது.

சாப்பாட்டு வரிசையில் ராவ் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். வேறு வழிகாட்டியைப் பார்த்துக்கொள், கிடைத்தால், என்றார். எழுத்தில் கொடுங்கள் சார் என்றேன். இதெல்லாம் எழுத்தில் கொடுக்கிற விஷயம் இல்லை என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அப்படியானால் நானே எழுத வேண்டியதுதான். ஓட்டலுக்கு வெளியே புல்தரையில் உட்கார்ந்து மூன்று பிரதி எழுதினேன். பெறுநர், பொருள், வணக்கம். ஒன்று, வழிகாட்டியை மாற்றக் கோரிக்கை. இரண்டு, அதற்கான காரணம், தேதியுடன். மூன்று, என் கோப்பில் எனக்குத் தெரியாமல் சேர்த்த வரி. நான்கு, கௌதள்ளியில் என்னால் நேர்ந்த தவறு. நான்காவதைப் போடாமல் இருந்தால் கடிதம் இன்னும் பலமாக இருக்கும் என்று தோன்றியது. போட்டேன். ராவ் சார் காருக்குப் போகும்போது ஒரு பிரதியை நீட்டினேன். அவர் கை நீட்டவே இல்லை, கதவைச் சாத்திக்கொண்டார்.

நாச்சம்மாள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கலைன்னா என்னுங் பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"பதிவுத் தபாலில் அனுப்புவேங்க்கா. கையெழுத்துப் போட்டு வாங்கணும். வாங்க மறுத்தாலும், மறுத்தார் என்று எழுதி எனக்கே திரும்பி வரும்."

"அப்ப அதையும் நோட்டுல ஒட்டிக்குவீங்க."

"ஒட்டிக்குவேன்."

தபால் நிலையம் நாலு மணிக்கு மூடிவிடும் என்று கனகா சொல்லியிருந்தாள். ஆட்டோ பிடித்தோம். ஒன்று ராவ் சாருக்கு, ஒன்று கல்லூரி முதல்வருக்கு, மூன்றாவது பல்கலைக்கழகத்துக்கு. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். நிற்கும்போதே மூன்றாவது பிரதியின் அடியில் இன்னொரு வரி சேர்த்தேன்: 'ஜனவரி 17 முதல் 22 வரையிலான குறிப்புகள் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் உள்ளன. வழிகாட்டியாக யார் வந்தாலும் அவை அங்கேயே இருக்கும்.' பிறகு முதல் இரண்டு உறையையும் பிரித்து, அவற்றிலும் அதே வரியை எழுதினேன்.