காணிக்கையை வைத்துவிட்டுப் போனவர்

கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில், ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி, இரும்பு வாளியும் தகர டிரம்மும் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. ஆசீர்வாதம் அங்கே பிரஸ் செட்டர். தகட்டை அழுத்தி வாளிக்கு அடிப்பாகம் வெட்டும் மெஷினில் அச்சைப் பொருத்தி, இரண்டு மூன்று துண்டுகள் வெட்டிப் பார்த்து, ஓட்டுகிறவனிடம் ஒப்படைப்பது அவர் வேலை. நாற்பத்திரண்டு வயது. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. புதன்கிழமை சாயங்காலங்களில் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். உபதேசியார் பாக்கியநாதன் வேதத்தில் ஒரு பகுதியை வாசிப்பார். ஆசீர்வாதம் அதை விளக்குவார். உபதேசியாரை விட அவர் நன்றாக விளக்குகிறார் என்று சபையில் பேச்சு இருந்தது. உபதேசியாரே அப்படித்தான் சொன்னார்.

1973 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் அச்சு மாற்ற வேண்டியிருந்தது. அச்சு மாற்றும்போது மெஷினின் வாயை மறைத்திருக்கும் கம்பித் தடுப்பைக் கழற்றியாக வேண்டும். கம்பெனியில் அதை கார்டு என்பார்கள். நான்கு போல்ட்டுகள். அன்றைக்கு அச்சு லேசில் உட்காரவில்லை. உட்கார்ந்தபோது இரண்டு மணிச் சங்கு ஊதிவிட்டது. ஆசீர்வாதத்துக்கு பாசஞ்சரைப் பிடித்து கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும். கார்டைச் சுவரில் சாய்த்து வைத்தபடியே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த ஷிப்டில் அந்த மெஷினில் உட்கார்ந்தவன் முனிகிருஷ்ணன். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பையன். இருபத்தாறு வயது. வலை வேண்டாம், மாதச் சம்பளம் வேண்டும் என்று வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான்கு மணிக்குள் அவன் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

மறுநாள் மேனேஜர் பராசரன் விசாரித்தார். கார்டு இருந்தால் துண்டுகளை எடுக்கத் தாமதமாகிறது என்று ஓட்டுகிறவர்கள் அதைக் கழற்றிவிடுவது அங்கே சாதாரணம். ஆகவே கேள்வி ஒன்றுதான். அதை ஆசீர்வாதத்திடம் கேட்டார்.

"நீ போகறச்சே கார்டு மாட்டியிருந்ததோ?"

"மாட்டிட்டுத்தான் போனேன் சார்."

எழுதிய தாளை நீட்டினார்கள். ஆசீர்வாதம் கையெழுத்துப் போட்டார். ஓட்டுகிறவனின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. முனிகிருஷ்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் குப்பத்துக்குப் போனான். வேலையும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆசீர்வாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போனார். அவன் ஜுரத்தில் கண் திறக்கவில்லை. அதற்குப் பிறகு போகவில்லை.

அடுத்த எட்டு மாதங்களும் அவர் வழக்கம் போலவே இருந்தார். சாப்பிட்டார், தூங்கினார், புதன்கிழமைகளில் விளக்கம் சொன்னார். மனம் வதைந்தது என்று சொல்ல முடியாது. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் அச்சு மாற்றும் நாளில் மட்டும் போல்ட்டுகளை இரண்டு தடவை முறுக்கிப் பார்ப்பார்.

1974 பிப்ரவரியில், அறுப்பின் பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு வந்த புதன்கிழமையில், உபதேசியார் மலைப்பிரசங்கத்திலிருந்து வாசித்தார். பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்தவன், சகோதரனோடு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்கிற பகுதி. பண்டிகைக்குப் பொருத்தம் என்று எடுத்திருந்தார். ஆசீர்வாதம் அதைப் பல தடவை விளக்கியிருக்கிறார். நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னித்துவிட்டு வந்தால்தான் காணிக்கை ஏற்கப்படும் என்று அன்றும் சொன்னார்.

பின்னால் உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணு, செங்கல் சூளையில் வேலை செய்கிறவள், எழுத்து தெரியாதவள், உபதேசியாரைப் பார்த்து, "ஐயா, அத இன்னொரு தபா படிங்க" என்றாள்.

அவர் படித்தார்.

"கர்த்தரு அப்டி சொல்லலியே தம்பி," என்று சின்னப்பொண்ணு ஆசீர்வாதத்தின் பக்கம் திரும்பினாள். "நமக்கு அவன் மேல கொறை இருந்தான்னு சொல்லல. அவனுக்கு நம்ம மேல கொறை இருந்தான்னு இல்ல வருது? அப்போ தப்பு பண்ணது காணிக்கை குடுக்கறவன்தானே?"

உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். "அக்கா சொல்றது சரிதான். அப்படித்தான் போட்டிருக்கு."

"அந்த ஆளு போயிட்டு வர்ற வரிக்கும் காணிக்கைய யாரு பாத்துக்குவாங்க? கோழியா இருந்தா ஓடிப் பூடுமே" என்று அவள் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆசீர்வாதமும் சிரித்தார். ஆனால் முடிவு ஜெபத்தை அன்று உபதேசியாரையே செய்யச் சொன்னார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவர் அந்தப் பகுதியைத் தனியாக எடுத்துப் படித்தார். இருபது வருஷமாக ஒரு வசனத்தைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது தெரிந்தது. ஏன் அப்படிப் படிக்க வந்தது என்பதும் தெரிந்தது. மன்னிக்கிறவனாக இருப்பதில் ஒரு மேட்டு இடம் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து பழகிவிட்டார்.

சனிக்கிழமை காலை, மனைவி முத்தம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னார். அவள் கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா போய்ச் சொல்லுன்னுருப்பே."

"சொல்லிருக்க மாட்டேன்" என்றாள் முத்தம்மா. "நம்ம ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க. இப்பவும் போய்ச் சொல்லுன்னு சொல்லல. வேலைய வுட்டு எடுத்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

"தெரியல."

"ஜெபம் பண்ணுங்க. கர்த்தர் மன்னிப்பாரு."

"கர்த்தருக்கு வெரலு போகலியே, முத்தம்மா."

அன்று முழுவதும் முத்தம்மா அவரோடு பேசவில்லை. ஆனால் ஞாயிறு காலையில், காணிக்கைக்கென்று வளர்த்த சேவலின் காலைக் கட்டிக் கூடையில் வைத்தது அவள்தான்.

பண்டிகை அன்று கோயிலுக்குள் புது நெல் வாசனை. பூசணி, வாழைத்தார், கரும்பு, கோழி எல்லாம் பீடத்தின் படியில் வரிசையாக இருந்தன. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். ஆசீர்வாதம் சேவலைப் படியில் வைத்தார். திரும்பித் தன் இடத்துக்குப் போகவில்லை. நடுவழியாக நடந்து வெளியே போனார். சேவல் விடாமல் கூவியது. அவருக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று ஜனங்கள் நினைத்தார்கள்.

பாசஞ்சரில் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு, அப்புறம் படகு. குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஒன்றரை. முனிகிருஷ்ணன் குடிசை ஓரத்தில் குந்தி, வெயிலில் பரப்பிய சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலிலிருந்து காக்கைகளை விரட்டிக்கொண்டிருந்தான். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. ஆசீர்வாதத்தைப் பார்த்ததும் அந்தக் கையை மடிக்குள் வைத்துக்கொண்டான்.

"வாண்ணே. குந்து. இன்னா இந்தாண்ட?"

ஆசீர்வாதம் உட்காரவில்லை. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு நேராகச் சொன்னார்.

"அன்னிக்கு கார்டைக் கழட்டினது நான்தான். மாட்டாம போயிட்டேன். மாட்டினேன்னு பொய் சொன்னேன்."

காக்கைகள் வந்து உட்கார்ந்தன. முனிகிருஷ்ணன் விரட்டவில்லை.

"நான் கழட்டலியா?"

"நீ கழட்டல."

"நெஜமாவா? அதுக்கு முந்தின வாரம் ஒரு தபா கழட்டிருக்கேண்ணே. துண்டு மாட்டிக்கினுச்சின்னு. ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சா எல்லாரும் நீதான் கழட்டிக்கினேன்னு சொன்னாங்கோ. நானும் சரி, கழட்டிருப்பேன்னு நெனச்சேன். யோசிச்சு யோசிச்சு, கழட்டின மாரியே நெனப்பும் வந்துடுச்சி. எந்தக் கையால ஸ்பேனர் புடிச்சேன்றது வரிக்கும்."

ஆசீர்வாதம் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவான் என்று நினைத்திருந்தார். அடிக்கலாம் என்றும் நினைத்திருந்தார். விரல்களோடு அவனுடைய ஞாபகத்தையும் எடுத்துக்கொண்டோம் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மன்னிச்சிடு முனிகிருஷ்ணா."

"அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல எயுந்திரு." முனிகிருஷ்ணன் எழுந்து நின்றான். "எங்க ஊட்டுக்காரி கிட்ட சொல்லு. எங்க நைனா கிட்ட சொல்லு. எட்டு மாசமா தெனம் எனக்கு அர்ச்சனை நடக்குது, கண்ணு பொடனிலயா வெச்சிருந்தேன்னு. வா."

அவன் மனைவி கனகாம்பாள் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துவிட்டு ஈரப்புடவையோடு கரையேறிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னார். முனிகிருஷ்ணனின் அப்பாவிடம் சொன்னார். சத்தம் கேட்டு வந்த பத்துப் பதினைந்து பேர் முன்னால் மறுபடி சொல்ல வைத்தார்கள். மூன்றாவது தடவை சொல்லும்போது அதில் அழுகை இல்லை. வெறும் செய்தியாக இருந்தது.

கனகாம்பாள் புருஷனைப் பார்த்தாள். பிறகு ஆசீர்வாதத்திடம், "நீ சொல்லிட்டே, உம் மனசு லேசாப் பூடும். இவுரு கையி வருமா? போ, போயி உன் கம்பெனில சொல்லு. இங்க சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்றாள்.

"சொல்றேம்மா."

"சொன்னப்புறம் வா. இப்ப உனக்கு இந்த ஊட்ல தண்ணிகூட கெடையாது."

அவர் படகுக்கு நடந்தார். யாரும் கூட வரவில்லை.

திங்கட்கிழமை ஒரு தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு மேனேஜர் மேஜையில் வைத்தார். பராசரன் படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"இப்போ எதுக்குய்யா இதைக் கிளப்பறே? எட்டு மாசம் ஆயாச்சு. எல்லாரும் மறந்தாச்சு."

"அவன் மறக்கல சார்."

"எடுத்துண்டு போ. நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன்."

பராசரன் கெட்ட மனிதர் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு உதவி. ஆசீர்வாதம் தாளை எடுக்கவில்லை. இன்னொரு பிரதி குப்பத்துக்குத் தபாலில் போயிருக்கிறது என்று சொன்னார்.

பதினைந்து நாளில் ஆசீர்வாதத்தை வேலையிலிருந்து எடுத்தார்கள். தாள் வெளியே போய்விட்டதால் கம்பெனி முனிகிருஷ்ணனைக் கூப்பிட்டு நஷ்ட ஈடு கொடுத்து, கேட்டில் உட்கார வைத்தது. வருகிற போகிற லாரிகளின் நம்பரை எழுதும் வேலை. இடது கையால் எழுத அவன் ஒரு மாதம் பழகினான். கார்டு இல்லாமல் எந்த பிரஸ்ஸும் ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அதனால் துண்டுக் கணக்கும் அதற்குக் கிடைத்த மேல்காசும் குறைந்தன; பழைய கூட்டாளிகள் ஆசீர்வாதத்தைத் திட்டினார்கள். "பெரிய யோக்கியன். நம்ம வயித்துல மண்ணப் போட்டுட்டான்" என்று டீக்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள்.

ஏழு மாதம் சரியான வேலை கிடைக்கவில்லை. முத்தம்மா சூளைக்குச் சின்னப்பொண்ணுவோடு கல் சுமக்கப் போனாள். அவள் ஒருநாளும் குத்திக் காட்டவில்லை. ஒருநாளும் நல்லது செய்தீர்கள் என்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் சேர்ந்து சாப்பிடுகிறவள், இப்போது அவருக்குப் போட்டுவிட்டுத் தனியாகச் சாப்பிட்டாள். பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரு ரைஸ் மில்லில் மெஷின் பார்க்கும் வேலை அமைந்தது. சம்பளம் முன்னை விடக் குறைவு.

சபையில் எல்லார் முன்னும் நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். பாதிரியார் இரண்டு முறை ஆள் அனுப்பினார். ஆசீர்வாதம் போகவில்லை. "மேடையில நின்னு சொன்னா, கடைசில நான் நல்லவன்னு முடியும்" என்று உபதேசியாரிடம் சொன்னார். புதன்கிழமைக் கூட்டம் தொடர்ந்தது. இப்போது ஆசீர்வாதம் வாசிப்பார், விளக்கம் சொல்லச் சுற்றி இருப்பவர்களைக் கேட்பார். சில நாள் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அமைதியாக எழுந்து போவார்கள்.

முனிகிருஷ்ணன் கவரைப்பேட்டையிலேயே ஒரு வீடு பார்த்துக் குடிவந்தான். ஸ்டேஷனிலும் கடைத்தெருவிலும் எதிர்ப்படுவான். தலையசைப்பான், அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆசீர்வாதமும் மறுபடி கேட்கவில்லை. கேட்பது அவனை நெருக்குவதாகும் என்று நினைத்தார்.

1975 ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, பிளாட்பாரத்தில் பாசஞ்சருக்குக் காத்திருந்தபோது முனிகிருஷ்ணன் குடையோடு அவரைத் தேடிக்கொண்டு வந்தான்.

"ஏண்ணே, உங்க மில்லுல ஆளு எடுக்கறாங்களா?"

"மூட்டை தூக்க எடுப்பாங்க. யாருக்கு?"

"எம் மச்சானுக்கு. கனகாவோட தம்பி. குப்பத்துல சும்மா சுத்திக்கினு கெடக்கறான். அவதான் சொன்னா, போய் ஆசீர்வாதம் அண்ணன் கிட்ட கேளுன்னு."

"நாளைக்கு அனுப்பு. மொதலாளி கிட்ட சொல்லி வெக்கறேன்."

"பையன் கொஞ்சம் சோம்பேறி. முன்னாடியே சொல்லிட்டேன்."

"பாத்துக்கலாம்."

வண்டி வந்தது. முனிகிருஷ்ணன் அவர் ஏறும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆசீர்வாதம் இதை முத்தம்மாவிடம் சொன்னார். அவள் அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"மன்னிச்சுட்டேன்னு ஏதாவது சொன்னாரா?"

"இல்ல. மச்சானுக்கு வேலை கேட்டாரு."

முத்தம்மா இரண்டு தட்டுகளை எடுத்து வைத்து, கடந்த பல மாதங்களில் முதல் தடவையாக அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.