குத்து விழுந்த படம்

பயிற்சிக்கூடத்தில் அவருக்குக் 'கிளிக்' என்று பெயர் விழுந்துவிட்டது. வாரமெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர், ஓய்வு கிடைத்தால் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுவார். யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை, யாரும் போகச் சொன்னதும் இல்லை. மூலையில் தொங்கும் மணல் மூட்டை மாதிரி அவரும் அந்தக் கூடத்தின் சாமான்களில் ஒன்றாகிவிட்டார்.

கீழ்த்தளத்தில் எடை தூக்குகிறவர்கள், மேலே குத்துச்சண்டை ரிங். கீழ்த்தளத்து ஆட்கள் கேமராவைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பார்கள். சிலர் ஓடிப்போய் டம்பெல்லைப் பலமுறை தூக்கி, கையைப் புடைக்க வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். "இப்ப எடுங்கண்ணே, இறங்கிடப் போகுது" என்று அவசரம் வேறு. கிளிக் அவர்கள் கேட்கிற நேரத்தில் எடுக்கவே மாட்டார். கம்பி தரையைவிட்டுக் கிளம்புகிற நொடியில்தான் மனிதனின் உண்மையான முகம் தெரியும் என்பது அவர் கட்சி. அந்த நொடியில் எல்லா முகமும் மலச்சிக்கல் வந்த முகம்தான் என்பது அவர் மனைவியின் கட்சி.

மேலே ரிங்கில் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதில் அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கீழ்க்கயிற்றுக்கு அடியில் லென்ஸை நீட்டி, முழங்கையைத் தரைவிரிப்பில் ஊன்றிக்கொண்டு, இரண்டு உடம்புகளுக்கு நடுவே வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள்.

"யாருங்க ஜெயிச்சது?"

"தெரியல. வெளிச்சம் நல்லா இருந்துச்சு."

இப்படிப்பட்ட மனிதருக்கும் ஒரே ஒரு ஆசை இருந்தது. குத்து விழுகிற அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். கையுறை முகத்தில் படும் முன்பும் கூடாது, பட்டு முகம் திரும்பிய பின்பும் கூடாது, படும்போது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் கேமரா டர்ரென்று படமாகக் கொட்டித் தள்ளும். அவ்வளவு கொட்டியும், ஒரு சாண் இடைவெளியில் நிற்கும் கையுறை ஒரு படத்தில் இருக்கும், ஏற்கெனவே கோணிப்போன முகம் அடுத்த படத்தில் இருக்கும். பேருந்து போன பிறகே நிறுத்தத்துக்கு வந்து சேர்கிற ஆள் மாதிரி, வருடக்கணக்காக அந்தக் கணத்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ரிங்கில் குத்துகிறவர்களில் அவருடைய மச்சினனும் ஒருவன். மனைவிக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவள் கையில் வளர்ந்தவன், அதனால் அவன் முகத்தில் விழும் ஒவ்வொரு குத்தும் அவளுக்கும் வலிக்கும். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலம் தாண்ட மாட்டான். அந்த வருடப் போட்டியில் ஜெயிக்கிறவனைத் துறைமுகத்து அணியில் எடுத்துக்கொள்வார்கள், கூடவே நிரந்தர வேலையும் உண்டு என்று அறிவித்திருந்தார்கள். "இவன் ஒரு வழிக்கு வர இது ஒண்ணுதாங்க வழி" என்று அக்காக்காரி சொல்லாத நாள் இல்லை.

அரையிறுதியில் அவனுக்கு எதிரே வந்தவன் வேறொரு கூடத்து ஆள். ரொட்டி வேன் ஓட்டுகிறவன், அதனால் எல்லோருக்கும் அவன் 'பேக்கரி'. ஸ்டைல் கிடையாது, நடனம் கிடையாது, கதவைத் தட்டுகிறவன் மாதிரி பொறுமையாகக் குத்துவான். மூன்றாவது சுற்றில் இருவரும் நெருங்கினார்கள், ஏதோ மோதிற்று, மச்சினனின் புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. மருத்துவர் வந்து பார்த்தார், தலையை ஆட்டினார். கையுறை பட்டுப் பிளந்தது என்று சொல்லி நடுவர் பேக்கரியின் கையைத் தூக்கிவிட்டார்.

இந்த விளையாட்டில் விதி இதுதான். குத்தில் புருவம் பிளந்து ஆட்டம் நின்றால் பிளந்தவனுக்குத் தோல்வி. தலையால் முட்டிப் பிளந்திருந்தால் முட்டியவன் வெளியே.

கிளிக் வீட்டுக்கு வந்து, படங்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். மச்சினனும் மனைவியும் தையல் போட மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். ஒரு படத்தில் கை நின்றுவிட்டது.

கையுறை புருவத்தில் பதிந்திருந்தது. நெற்றித் தோல் சுருங்கி மேலே ஏறியிருந்தது. தலைமுடியிலிருந்து வியர்வைத் துளிகள் அரைவட்டமாகத் தெறித்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளிச்சத்தில் நின்றன. பேக்கரியின் கண் திறந்தபடி, இமைக்காமல், தன் கை போய்ச் சேர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கிளிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அறைக்குள் சுற்றிச்சுற்றி நடந்தார். தலைகால் புரியாத சந்தோஷம். தண்ணீர் குடித்தார், வந்து பார்த்தார், மறுபடி எழுந்து நடந்தார்.

அதற்கடுத்த படத்தில் குத்தின் வேகத்தில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து, தலையும் தலையும் ஒட்டிக்கொண்டிருந்தன. ரத்தம் அதில்தான் முதன்முதலாகத் தெரிந்தது. அந்த ஒன்றை மட்டும் பார்க்கிறவன் முட்டினான் என்றுதான் சொல்வான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. புருவத்தில் கட்டோடு மச்சினன், பின்னால் மனைவி, அவளுக்கும் பின்னால் பயிற்சியாளர், அவர்கள் எல்லோரும் சொல்கிற 'மாஸ்டர்'.

"மாமா, அவன் தலையால இடிச்சான். சத்தியமா சொல்றேன், எனக்குத் தெரியும்," என்றான் மச்சினன். அவன் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினான். குத்து வாங்கியவனுக்கு என்ன வாங்கினோம் என்று எப்படித் தெரியும்?

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஆட்சேபம் கொடுக்கணும்," என்றார் மாஸ்டர். "ஆதாரம் வேணும். நீ அந்தப் பக்கம்தானே இருந்த?"

கிளிக்கின் விரல் தானாக அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டது. திரையில் இரண்டு தலைகள்.

"இதோ பாருங்க," என்று மாஸ்டர் தொடையில் தட்டினார். மச்சினன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சிரித்ததில் தையல் இழுத்து முகம் சுளித்தான். மனைவி கணவனின் தோளில் கை வைத்தாள். "இந்தக் கேமரா வாங்கினப்போ உங்கள எவ்வளவு திட்டியிருப்பேன்," என்றாள். இத்தனை வருடத்தில் அவருடைய ஒரு படத்தை அவள் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

முந்தைய படத்தை அப்போது காட்டியிருக்கலாம். காட்டச் சொல்லி உள்ளே ஒரு குரல் நச்சரிக்கத்தான் செய்தது. அது நியாயத்தின் குரலா, 'ஆஹா, என்ன படம்' என்று நாலு பேர் சொல்லக் கேட்க ஏங்குகிற குரலா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. நியாயமும் ஆசையும் ஒரே பக்கம் நின்றதுதான் வம்பாகப் போயிற்று. சொந்தப் பெருமைக்காக மச்சினன் வாயில் மண்ணைப் போடுவதா என்று தனக்குத்தானே கேட்டு, அந்தக் கேள்வியையே சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் போட்டிக் குழுவின் செயலாளர் அந்த ஒற்றைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி எடுத்தது இல்லையா?"

"கண்ணு இமைக்கிற நேரம் சார் அது. இது ஒண்ணு சிக்கினதே பெருசு," என்று மாஸ்டர் முந்திக்கொண்டார். கிளிக் சுவரில் இருந்த சுவிட்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தீர்ப்பு மாறியது. அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி, மச்சினன் உள்ளே. பேக்கரிக்கு அந்த வருடம் முழுக்கத் தடை. 'முட்டுற மாடு' என்று அவனுக்குப் புதுப்பெயர் வைத்துக் கூடத்தில் சிரித்தார்கள். கிளிக் அன்று கீழ்த்தளத்தில் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கி வந்தன.

குத்து விழுந்த படத்தை அழிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. கைப்பேசியில் ஏற்றி வைத்துக்கொண்டார். லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவும்போது, நடுவே கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்ப்பார். ஊரிலேயே நல்ல படம் தன் சட்டைப் பையில் இருக்கிறது, அதை ஒரு ஜீவனிடம் காட்ட முடியவில்லை. திருடனுக்குத்தான் இப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

வார நடுவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. கீழ்த்தளத்தில் லிஃப்டின் கதவைத் திறந்து வைத்து, 'பழுது' அட்டையைத் தொங்கவிட்டு, கதவுச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினால் ரொட்டிக் கம்பெனிச் சட்டையில் பேக்கரி. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சண்டைக்கு வரலண்ணே," என்றான் அவன் முதலிலேயே. "ஜிம்ல கேட்டேன், இங்க இருப்பீங்கன்னு சொன்னாங்க. ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளு."

"அந்தப் படத்துக்கு முன்னாடி எடுத்தது ஏதாவது இருக்குமாண்ணே? நான் கையாலதான் குத்தினேன். கை பட்டது எனக்குத் தெரியும். ஆனா எல்லாரும் சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகமாயிடுச்சு."

இந்தத் தடவை முந்திக்கொள்ள மாஸ்டர் பக்கத்தில் இல்லை. கிளிக் ஸ்பானரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தொடர்ந்து அமுக்கினா கேமரா நடுவுல கொஞ்சம் நின்னுடும். எடுத்ததை எல்லாம் உள்ள எழுதி முடிச்சிட்டுத்தான் மறுபடி எடுக்கும். அந்த நேரம் பார்த்து நின்னுடுச்சு."

கேமரா தெரிந்தவன் மட்டுமே சொல்லக்கூடிய பொய். கேமரா தெரியாதவன் மறுபேச்சின்றி நம்பினான்.

"ஓ. அப்படி ஒண்ணு இருக்கா. பரவால்லண்ணே." போகத் திரும்பினான், பிறகு நின்றான். "அப்ப அந்த முட்டுற படத்தையாவது அனுப்புறீங்களா?"

"அது எதுக்கு உனக்கு?"

"நான் ரிங்ல நிக்கிற மாதிரி எங்கிட்ட ஒரு படம்கூட இல்லண்ணே. எங்க பசங்க போன்ல எடுத்தா எல்லாம் ஆடிப்போயிடும். குழு ஆபீஸ்ல பார்த்தேன், அதுல முகம் நல்லா தெளிவா வந்திருக்கு. அம்மாவுக்குக் காட்டணும்."

"அதுல நீ தப்பு பண்ற மாதிரில்ல இருக்கு."

"இனிமே ரிங்ல ஏறுவேனோ என்னவோ," என்றான் அவன் சாதாரணமாக. "அவங்களுக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. பையன் படத்துல இருக்கான், அவ்வளவுதான்."

கிளிக்குக்கு முகம் சுட்டது. தனக்கே அநியாயம் செய்த படத்தைத் தன் படம் என்று கேட்டு வாங்க வந்திருக்கிறான் ஒருவன், அதுவும் கெஞ்சாமல், கோபப்படாமல். அவனைத் திட்டி அனுப்பவாவது ஒரு வழி வைத்திருக்கக் கூடாதா? லிஃப்ட் கதவு பாதி திறந்தபடி நின்றது. மேல்தளத்தில் யாரோ பொத்தானை அழுத்திவிட்டு, வராத லிஃப்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கிளிக் கையைத் துணியில் துடைத்தார், விரல் விரலாகத் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அந்தப் படத்தைத் திறந்து அவனிடம் நீட்டினார்.

பேக்கரி அதைக் கையில் வாங்கிக்கொண்டான். கட்டைவிரலால் படத்தைப் பெரிதாக்கினான். கையுறையைப் பார்த்தான், புருவத்தைப் பார்த்தான், தெறித்த துளிகளைப் பார்த்தான். தன் கண்ணைப் பார்த்தபோது அங்கேயே நின்றுவிட்டான்.

"இதை நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா."

"என்ன படம்ண்ணே இது," என்றான் மெதுவாக.

கிளிக்குக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. இந்த நேரத்தில், இந்த ஆளிடமிருந்து இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறோமே என்று அவமானமாகவும் இருந்தது. இரண்டையும் அடக்க அவரால் முடியவில்லை.

"கேமரா நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே," என்றான் அவன், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நிக்கல. நம்பர் சொல்லு, அனுப்பறேன். குழுவுக்குக் கொடுக்கணும்னா கொடு. நான் எடுத்ததுதான்னு நானே வந்து சொல்றேன்."

அவன் நம்பரைச் சொன்னான். படம் போய்ச் சேர்ந்தது. வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டான், கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், "வண்டியை வழியில விட்டுட்டு வந்திருக்கேன்ண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேறு யார் வாயிலிருந்தும் வீட்டுக்கு விஷயம் போகக் கூடாது. கிளிக் லிஃப்டுக்குள் இருந்த கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மச்சினனைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் கயிறு தாண்டுகிற சத்தமும் மாஸ்டரின் அதட்டலும் கேட்டன. மச்சினன் மூச்சிரைக்கப் பேசினான்.

"சொல்லுங்க மாமா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை முன்கூட்டியே வந்து நல்ல இடமா பிடிச்சுடுங்க. இத்தனை வருஷமா எடுக்கிறீங்க, எனக்குன்னு சொல்லிக்க ஒரு நல்ல படம் இருக்கா சொல்லுங்க?"

"ஒண்ணு இருக்குடா," என்றார் கிளிக். "சாயங்காலம் வீட்டுக்கு வா. அக்காவும் இருக்கட்டும். காட்டறேன்."