வாய் திறக்காத ஏலக்காரர்

மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர்களுக்குக் கடவுள் தொண்டையைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்து அனுப்புகிறார். நம் ஏலக்காரருக்குக் கொடுக்கும்போது அளவையே மறந்துவிட்டார் போலிருக்கிறது. "நண்டு ஒரு கூடை, ஒரு தரம்!" என்று அவர் ஆரம்பித்தால் படகுக்குள் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். வீட்டிலும் அதே தொண்டைதான். "உப்பு எங்கே?" என்று மனைவியைக் கேட்டால் பக்கத்து வீட்டு அம்மா உப்பு டப்பாவோடு வந்து நிற்பாள். காதும் காதும் வைத்த மாதிரி ஒரு காரியம் அந்த வீட்டில் நடந்ததே கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனிதர், கல்லூரி திறக்கிற நாள் காலையில், தோளில் தகரப் பெட்டியோடு கல்லூரி வாசலுக்கு வெளியே நின்று தன் ஒரே மகளுக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாசலைத் தாண்டினதும் வாயைத் திறக்கக் கூடாதுப்பா. திரும்ப நீங்க பஸ் ஏறுற வரைக்கும்."

"மெதுவா பேசுறேன் பாப்பா" என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். எதிர்ப்பக்கம் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"பாத்தீங்களா?" என்றாள் மகள்.

அவள் மேலும் தப்பில்லை. எட்டாம் வகுப்பில் பெற்றோர் கூட்டத்துக்குப் போன ஏலக்காரர், கணக்கு டீச்சர் சொன்ன மதிப்பெண்ணைக் கேட்டு, "நாப்பத்திரண்டா!" என்றார். கேட்டது மட்டும்தான். அது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரை போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவள் உள்ளே நுழைந்ததும் ஒருத்தி, "நாப்பத்திரண்டு, ஒரு தரம்" என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பள்ளி முடிகிறவரை அவளுக்குப் பெயரே 'ஒரு தரம்'தான். அந்தப் பெண்கள் யாரும் வராத ஒரு கல்லூரி வேண்டுமென்று தேடித் தேடித்தான் இந்தச் சின்னக் கிறிஸ்தவக் கல்லூரியைக் கண்டுபிடித்திருந்தாள். இங்கேயாவது அவளுக்கு அவள் பெயரே நிலைக்க வேண்டும். அது ஏலக்காரருக்கும் தெரியும். மகளின் பழைய பட்டப்பெயரில் தன் தொண்டைக்கு எவ்வளவு பங்கு என்று நினைத்து அவர் வருந்தாத நாளில்லை. சத்தமாகத்தான் வருந்தினார், அது வேறு விஷயம்.

"சரி" என்றார். உதட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போடுவதுபோல் கையை ஆட்டிக் காட்டினார். மகள் சிரித்துவிட்டாள். இருவரும் உள்ளே போனார்கள்.

கல்லூரி கையடக்கமாக இருந்தது. மாடிக் கட்டிடம் ஒன்று, விடுதி ஒன்று, நடுவில் ஒரு சின்ன ஆலயம். 'நல்வரவு' பலகையில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அதில் சாய்ந்து நின்ற ஒரு மாணவனின் முதுகில் பாதி நல்வரவு ஒட்டியிருந்தது. மரத்தடி மேசைக்குப் பின்னால் விடுதி வார்டன் அம்மா, இடுப்பில் சாவிக்கொத்தோடு, வருகிறவர்களுக்கு அறை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஐயா, வாங்க! பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

ஏலக்காரர் பெட்டியை இறக்கினார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கை கூப்பினார். பிறகு மகளைக் கை காட்டினார்.

"சௌகரியம்தான் மேடம்" என்றாள் மகள். அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடப் பாதிதான் கேட்கும். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் பழகிக்கொண்ட குரல் அது.

"சாப்பிட்டீங்களா ஐயா?"

மறுபடியும் சிரிப்பு, கும்பிடு, கை காட்டல். வார்டன் அம்மாவின் முகம் மெல்ல மாறியது. புரிந்துகொண்ட முகம் அது, ஆனால் தப்பாகப் புரிந்துகொண்ட முகம். அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாக, "சாப்... பிட்... டீங்... களா?" என்றார்.

ஏலக்காரர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். 'இல்லை மேடம், அப்பா நல்லா பேசுவாங்க' என்று அவள் சொல்லியிருந்தால் கதை அந்த மரத்தடியிலேயே முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் வார்டன் அம்மா அவள் தலையைத் தடவி, "கவலைப்படாதம்மா, இது உன் வீடு மாதிரி" என்றுவிட்டார். இனிமேல் எப்படிச் சொல்வது?

அதன் பிறகு நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஜன்னல் பக்கத்து நல்ல அறை மகளுக்குக் கிடைத்தது. பெட்டியைத் தூக்க இரண்டு மாணவர்கள் வந்தார்கள். எதிரில் வந்தவர்களெல்லாம் ஏலக்காரரிடம் கையைக் காலை ஆட்டிப் பேசினார்கள். நூலகம் மாடியில் இருக்கிறது என்று சொல்ல ஒரு பேராசிரியர் ஏணி ஏறுகிற மாதிரி நடித்தே காட்டினார்.

அறையில் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளும்போது அது நழுவி ஏலக்காரரின் கால் கட்டைவிரலில் விழுந்தது. புத்தகம் நிறைந்த பெட்டி. சந்தையாக இருந்தால் அந்த அலறலுக்கு மீன்களே கடலுக்குத் திரும்பியிருக்கும். அவர் பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது. நெற்றி நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"ஐயோ, வலிக்குதாப்பா?" என்று மகள் குனிந்தாள். "ஒண்ணுமில்ல" என்று அவர் கையை அசைத்தார். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அவருக்கு ஒரு பக்கம் வலி. மறுபக்கம், கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட பெருமை.

அறைத் தோழியாக வந்தவள் வெடவெடவென்று உயர்ந்த ஒரு பெண். அவளிடமும் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. ஊர் வாய்க்கு உலைமூடி ஏது? ஏலக்காரரை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்த்திவிட்டு மகளிடம் கேட்டாள்:

"அப்பா என்ன வேலை பாக்குறாங்க?"

"மீன் சந்தையில... ஏலம்."

"ஏலமா? பேசாம எப்படி ஏலம் விடுவாங்க?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். "கையாலதான்" என்றாள்.

ஏலக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி, குலுங்கிய தோளைக் கஷ்டப்பட்டு அடக்கினார். நெட்டைப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், உன்னை விட்டுப் போகணுமேன்னு அழறாங்க" என்றாள்.

பிறகு பெண்கள் இருவரும் துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே பேசினார்கள். ஏலக்காரருக்கு வேறு வேலையில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். வரலாறு படிக்கத்தான் ஆசைப்பட்டு வந்ததாக மகள் சொன்னாள். வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல்தான் அதை எடுத்தாள் என்று அவர் இத்தனை நாள் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கடல் வழியாக யார் யார் எங்கே போனார்கள், எதை விற்றார்கள், எதை வாங்கினார்கள் என்று படித்தால் தனக்கு நேரம் போவதே தெரியாது என்றாள். சின்ன வயதில் அப்பாவோடு சந்தைக்குப் போய்ப் படகுகளை எண்ணியதில் வந்த பைத்தியம் அது என்றாள். மகள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி அவர் கேட்டதே இல்லை. வீட்டில் அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை வருஷமாக என்னத்தைத்தான் அப்படிப் பேசினோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

வழிபாட்டுக்கு மணி அடித்தது. விட்டது தொல்லை என்று ஏலக்காரர் பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். வார்டன் அம்மா விடுவாரா? குறுக்கே வந்து நின்று, வானத்தைக் காட்டி, கையைக் குவித்து, கண்ணை மூடிக் காட்டினார். பிறகு அவர் முழங்கையைப் பிடித்து ஆலயத்துக்குள் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தார். மகள் பின்னால் புதிய மாணவர்களோடு உட்கார்ந்தாள்.

கல்லூரிப் போதகர் இளைஞர். பட்டம் பெற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கல்வியாண்டின் முதல் வழிபாடு நன்றாக அமைய வேண்டுமே என்று இரண்டு நாளாக அவருக்குச் சரியான சாப்பாடில்லை. பாட்டு முடிந்து ஜெபத்துக்கு எழுந்தபோது வார்டன் அம்மா போய் அவர் காதில் ஏதோ சொன்னார். போதகர் முதல் வரிசையைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

ஏலக்காரர் பக்கவாசல் எங்கே என்று தேடினார்.

"எங்கள் பரம பிதாவே" என்று போதகர் ஆரம்பித்தார். எல்லாத் தலைகளும் குனிந்தன. புதிய மாணவர்களுக்காக, ஆசிரியர்களுக்காக, மழைக்கு ஒழுகும் ஆய்வகக் கூரைக்காக ஜெபித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாய் பேச முடியாத நிலையிலும் தம் மகளைப் படிக்கவைக்க இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிற இந்தத் தகப்பனை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே. உமக்குக் கூடாத காரியம் ஒன்றுமில்லை. இவருடைய நாவின் கட்டை அவிழ்த்தருளும்."

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நெட்டைப் பெண்ணாகத்தான் இருக்கும்.

ஏலக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. மனிதர்களிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்று. கடவுளையே ஏமாற்றுவது வேறு. ஒழுகுகிற கூரைக்குப் போக வேண்டிய ஜெபமல்லவா வீணாகத் தன் மேல் கொட்டுகிறது! எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் மகள் கதி? முதல் நாளே பொய்க்காரி என்ற பெயர். அதைச் சொல்கிற குரலைக் கேட்டால் அடுத்த பட்டப்பெயரும் தயார். ஆண்டவரிடம் அப்புறம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், அவர் இரக்கமுள்ளவர். இந்தப் பிள்ளைக்கு இன்னொரு முதல் நாள் கிடைக்காது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"ஒரே ஒரு வார்த்தையாவது இவர் பேசும்படி செய்யும் ஆண்டவரே" என்று போதகர் உருகினார். "எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்லுவோம்."

ஆலயம் முழுக்க "ஆமென்" என்றது. ஏலக்காரர் மட்டும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அவர் ஆமென் சொல்லாமல் விட்ட ஜெபம் அது ஒன்றுதான். அவர் கண்ணிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது.

"ஐயா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடத்தில் இருந்த புறாக்கள் படபடவென்று கிளம்பின. எல்லாரும் திரும்பினார்கள். ஏலக்காரருக்கு ஒரு நொடி, வாக்கை மறந்து தானே கத்திவிட்டோமோ என்ற சந்தேகம் வந்துவிட்டது.

கத்தியது மகள். எழுந்து நின்றிருந்தாள். காது மடல் வரை சிவந்திருந்தது.

"எங்க அப்பாவுக்குப் பேச்சு வரும் ஐயா! ரொம்ப நல்லா வரும்! பேசவே கூடாதுன்னு சொன்னது நான்தான். சத்தமா பேசுவாங்க, அது எனக்கு வெட்கமா இருந்துச்சு. கால்ல பெட்டி விழுந்தப்பகூட எனக்காக அவங்க கத்தல. தப்பு என் மேலதான்."

மைக் இல்லாமல், மூச்சு வாங்காமல், கடைசி வரிசை வரை ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? இவ்வளவு நாள் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அப்பாவின் குரலை மட்டுமல்ல.

"அப்பா" என்றாள். இப்போது குரல் கொஞ்சம் உடைந்தது. "பேசுங்கப்பா."

ஏலக்காரர் எழுந்தார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஜெபத்தில் தன் பங்கு இன்னும் பாக்கி நிற்கிறதே என்பது மட்டும்தான் நினைவிருந்தது.

"ஆமென்!" என்றார்.

யாரோ பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டார்கள். போதகர் மேடையைப் பிடித்துக்கொண்டார். பிறகு வார்டன் அம்மாதான் முதலில் சிரித்தார், சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க. அப்புறம் ஆலயமே சிரித்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான் ஊழியத்துக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகுது. இவ்வளவு சீக்கிரமா எந்த ஜெபத்துக்கும் பதில் வந்ததில்லை" என்றார்.

வெளியே வரும்போது மாணவர்கள் ஏற்கெனவே மகளை 'ஆமென்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஏலக்காரருக்கு முகம் செத்துவிட்டது. தேடித் தேடி வந்த இடத்திலும் ஒரு பட்டப்பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டோமே!

"மன்னிச்சுக்க பாப்பா" என்றார். மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் கத்தினப்புறம்தானே நீங்க ஆமென் சொன்னீங்க? இது அப்பாவால வந்த பேரு இல்ல. நானா கத்தி வாங்கினது" என்றாள் மகள். சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரை விடவில்லை.

பஸ் கிளம்பியது. அது திருப்பத்தை அடைந்தபோது பின்னாலிருந்து, தெரு முழுக்க நிறைத்துக்கொண்டு ஒரு குரல் வந்தது: "அப்பா! கால்ல மறக்காம மருந்து போடுங்க!"

பக்கத்து இருக்கைக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டார். "யாருங்க அது, இந்தக் கத்துக் கத்துறது?"

"எம் பொண்ணு" என்றார் ஏலக்காரர். பஸ் முழுக்கக் கேட்டது.