விட்டோவின் கராஜில் நின்ற அத்தி

மான்ட்ரியலில் அந்த ஜனவரிக் குளிர் மைனஸ் முப்பதைத் தொட்டது. அது போதாதென்று மின்சாரமும் போய்த் தொலைந்தது. எர்சிலியா வீட்டு நிலவறையில், சாக்குச் சுற்றிய தொட்டி அத்திக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர் மைனஸ் ஆறு காட்டியது. இன்னும் இரண்டு டிகிரி இறங்கினால் வேர் செத்துவிடும்.

இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து மாமனார் பெட்டிக்குள் ஒளித்துக்கொண்டு வந்த இரண்டு குச்சிகளில் ஒன்று இது. மற்றது பக்கத்து வீட்டில் இருக்கும் கொழுந்தன் விட்டோவின் பங்கு. ஊரில் அத்தி ஏப்ரலிலேயே இலை விட்டுவிடும். இங்கே குளிரில் அடிபட்டது ஜூன் வரை செத்ததுபோல நின்றுவிட்டு வேரிலிருந்து துளிர்க்கும். அந்த மகராசனுக்கு ஏது பொறுமை? மே மாதமே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டான். "அப்பா மரத்தைக் குப்பையில போட்டவனுக்கு இனி ஒரு குச்சி கிடையாது" என்று அவள் கணவன் துல்லியோ அன்று சொன்னதுதான். அண்ணன் தம்பி பேசிப் பன்னிரண்டு வருஷமாயிற்று.

"விட்டோ கராஜில விறகடுப்பு எரியுது" என்றாள் எர்சிலியா. சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எட்டு வருஷத்துக்கு முன், கவாத்து பண்ணிய அன்று மூன்று குச்சிகளை ஈரப் பேப்பரில் சுற்றி வேலிக்கு மேலாக விட்டோவிடம் கொடுத்தது அவள்தான். அதில் ஒன்று பிழைத்து அந்தக் கராஜில்தான் நிற்கிறது.

குடலிறக்க ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்கூட ஆகாத துல்லியோ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அவன் வாசலை மிதிக்க மாட்டேன். செத்தாச் சாகட்டும்."

"சாகட்டும்னு சொல்ற வாய்தானே தெனமும் இதுகிட்ட குட்மார்னிங் சொல்லுது?"

மைனஸ் ஏழு. வருவது வரட்டும் என்று எர்சிலியா பூட்ஸை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

விட்டோ தள்ளுவண்டியோடு வந்தான். "கம்பளி எதாவது குடுங்க அண்ணி. வெளிய இருபதடி போறதுக்குள்ள உசுரு போயிடும்."

தொட்டியை வண்டியில் ஏற்றி அவனும் எர்சிலியாவும் கராஜுக்குத் தள்ளிப்போனார்கள். மரத்தை விட மனமில்லாமல் பின்னாலேயே வந்த துல்லியோ, கராஜின் மூலையில் இன்னொரு அத்தியைப் பார்த்தான். கிட்டே போய் நகத்தால் பட்டையைச் சுரண்டினான். உள்ளே பச்சை.

"யாரு குடுத்தது?"

"நான்தான்" என்றாள் எர்சிலியா. "எட்டு வருஷமாச்சு. என்ன வேணாச் சொல்லு."

துல்லியோ திரும்பி வீட்டுக்கு நடந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வசந்தம் வரை உப்புக்கும் மாத்திரைக்கும் மட்டும்தான் அவளோடு பேச்சு.

மே மாதம் விட்டோவின் அத்தி இலை விட்டது. துல்லியோவின் அத்தி மொட்டையாக நின்றது. நுனியிலிருந்து மண் வரை சுரண்டிப் பார்த்தான். எங்கும் பழுப்பு. குப்பை வண்டி வரும் காலையில் தொட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெரு ஓரம் கொண்டுபோய் இறக்கினான். எர்சிலியா வாசலில் நின்று பார்த்தாள்.

வீட்டுச் செருப்போடு விட்டோ ஓடிவந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான்.

"எந்திரி."

"மாட்டேன்."

"செத்த மரத்தை வச்சு என்னடா பண்ணச் சொல்ற?"

"அன்னைக்கு என் மரத்தைப் பாத்து நானும் அப்படித்தான் நெனச்சேண்ணே. வண்டி திரும்புற வரைக்கும் இங்கேயே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்கு வரைக்கும் மே மாசம் வந்தா எனக்குத் தூக்கம் கிடையாது. ஜூன் முடியட்டும், அப்புறம் எந்திரிக்கிறேன்."

வண்டி வந்து நின்றது. ஹார்ன் அடித்துப் பார்த்தது. விட்டோ அசையவில்லை. வண்டி போய்விட்டது.

துல்லியோ தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "எர்சிலியா, காபி போடு" என்றான். "ரெண்டு. அவனுக்கு மூணு கரண்டி சர்க்கரை."